நிழலை அளக்கப் போகலாம் வாங்க



பொது இடம் ஒன்றை வடிவமைக்கும் வேலை உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகப் பாட வேலையாக இருக்கலாம். இல்லையென்றால், தாமானில் சும்மா கிடக்கும் நிலத்தை என்ன செய்யலாம் என்று குடியிருப்பாளர் சங்கம் இளைஞர்களிடம் யோசனை கேட்டிருக்கலாம். முதலில் என்ன செய்வோம்? கைப்பேசியை எடுத்து 'பிளாசா டிசைன்' என்று தட்டுவோம். ஒரு மணி நேரத்தில் ஐம்பது படம் சேர்ந்துவிடும். அதைக் கோப்பில் ஒட்டி "இதுதான் எங்கள் உந்துதல்" என்று தலைப்புப் போட்டால் முதல் வாரத்து வேலை முடிந்த மாதிரி.

அழகான படங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே படங்களை இன்னொரு தடவை பாருங்க. அதில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள்? பாதிப் பேர் கோட்டு போட்டிருப்பார்கள், கழுத்தில் துணி சுற்றியிருப்பார்கள். வெயில் கிடைக்காத ஊரில் வெயில் காய வந்தவர்கள் அவர்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோப்பன்ஹேகன் நகரம் வட அட்சம் 55 டிகிரிக்கு மேலே இருக்கிறது. அங்கே டிசம்பர் மாத நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 11 டிகிரி உயரம்தான் ஏறும். கோலாலம்பூர் இருப்பது 3 டிகிரியில். வருடத்திலேயே மிகத் தாழ்ந்த நண்பகல் சூரியன்கூட நமக்கு 63 டிகிரி உயரத்தில் நிற்கிறது. நடுவில் எதுவுமில்லாமல் கல் பதித்த அகன்ற திடல் என்பது அவர்களுக்கு வெயிலைப் பிடித்து வைக்கும் பாத்திரம். அதையே இங்கே கொண்டுவந்து போட்டால் தோசைக்கல்.

நான் சிவில் பொறியியல் படிக்கிறேன். மூன்றாம் ஆண்டில் எங்கள் ஆறு பேர் குழுவுக்குக் கிடைத்த இடம், பழைய மலிவு விலை அடுக்குமாடி ஒன்றின் பக்கத்தில் இருக்கும் 30 மீட்டருக்கு 20 மீட்டர் நிலம். ஒரு ஓரத்தில் அங்சானா மரம், எதிரே பஸ் நிறுத்தம், மூன்று நான்கு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள். அவ்வளவுதான். அந்த இடத்தைக் கார் நிறுத்துமிடமாக ஆக்கிவிடலாம் என்ற பேச்சும் குடியிருப்பில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணி வெயிலில் ஆளே இல்லாத ஒரு பிளாசாவை நாங்கள் வரைந்து கொடுத்தால், "பாத்தீங்களா, யாரும் வரமாட்டாங்க, காரே நிக்கட்டும்" என்று சொல்ல நாங்களே வசதி செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் படம் தேடுவதை ஓரமாக வைத்துவிட்டு, நம்ம ஊரில் மக்கள் உண்மையிலேயே உட்காரும் இடங்களுக்கு அளவு நாடாவோடு போனோம். அந்த வழியைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

அஞ்சடி என்ற பாடநூல்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ கடை வரிசைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை இருக்கும் இல்லையா? மலாயில் காக்கி லீமா. நம்மவர்கள் வாயில் அஞ்சடி. எங்கள் பாட்டி தோட்டத்து லயத்து வீட்டின் முன்தாழ்வாரத்தைக்கூட அஞ்சடி என்றுதான் சொல்வார்.

1822-இல் சிங்கப்பூர் நகரத் திட்டத்துக்காக ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் கொடுத்த கட்டளைகளில் இது இருக்கிறது: தெருவோரக் கட்டடம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் தாழ்வாரம் வேண்டும், அது எல்லா நேரமும் திறந்திருக்க வேண்டும், ஒன்றோடொன்று தொடர்ந்து, கூரையுள்ள பாதையாக அமைய வேண்டும். பிறகு இந்த வழக்கம் தீபகற்பத்து நகரங்களுக்கும் பரவியது. நிலம் கடைக்காரருடையது, நடக்கும் உரிமை எல்லாருக்கும். இன்றைக்கு நாம் 'பொது இடம்' என்று பாடப் புத்தகத்தில் படிக்கும் விஷயத்தை இருநூறு வருடமாக அந்தத் தாழ்வாரம் செய்துகொண்டிருக்கிறது. பெயர்தான் அஞ்சடி, அளந்தால் எல்லா இடத்திலும் ஐந்து அடி வராது. ஏழு எட்டு அடி அகலம் உள்ளவையும் உண்டு. பூக்கடை, சாவி செய்பவர், கிளி ஜோசியர், மழைக்கு ஒதுங்குபவர் என்று எல்லாருக்கும் அதில் இடம் இருக்கிறது.

இந்த இடத்தில் பல பேர் செய்வது, அஞ்சடியின் வளைவையும் தூணையும் படமெடுத்து அதே வளைவைத் தங்கள் வரைபடத்தில் ஒட்டுவது. 'பாரம்பரியத் தோற்றம்' என்று பெயரும் வைத்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வளைவை எடுத்துவந்தால் வளைவு மட்டும்தான் கூட வரும், நிழல் வராது. நிழல் எங்கிருந்து வருகிறது என்று தெரிய அளக்கத்தான் வேண்டும்.

அளப்பது சுலபம். தாழ்வாரக் கூரையின் வெளி விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம்? 10 அடி என்று வைப்போம். அந்த உயரத்தைச் சூரியக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் வகுத்தால், வெயில் எத்தனை அடி உள்ளே வரும் என்பது கிடைத்துவிடும். படிவம் ஐந்தில் படித்த அதே டேன்தான், பயப்படாதீங்க.

நம் நாட்டில் இதற்கு ஒரு சுவையான காரணமும் சேர்ந்துகொள்கிறது. 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 1.15 மணி அளவில். 'மாலை மூன்று மணி' என்று நாம் சொல்வது சூரியனைப் பொறுத்தவரை இரண்டு மணிகூட ஆகாத நேரம்.

மார்ச் கடைசியில் மேற்கே பார்த்த ஒரு கடையை எடுத்துக்கொள்ளுங்கள். 3.15-க்கு சூரியன் சுமார் 60 டிகிரியில் இருக்கும். 10-ஐ 1.73-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6 அடி. ஐந்தடி தாழ்வாரத்தின் தரை முழுக்க வெயில்! 5.15-க்கு சூரியன் 30 டிகிரிக்கு இறங்கும்போது 17 அடி. வெயில் தாழ்வாரத்தைத் தாண்டிக் கடைக்குள்ளேயே போய்விடும்.

இப்போது அந்தக் கடைக்காரர் என்ன செய்கிறார் என்று நினைத்துப் பாருங்க. மூங்கில் தட்டியை இறக்கிவிடுவார். மலாயில் பிடாய் என்பார்கள். தட்டி கீழே வர வர, வெளி விளிம்பின் உயரம் குறைகிறது. தரையிலிருந்து 3 அடி வரைக்கும் இறக்கிவிட்டால் 5.15 வெயில் உள்ளே வருவது 5 அடி சொச்சம்தான். கடை வாசலோடு வெயில் நின்றுவிடுகிறது. தட்டியில் சோப்பு விளம்பரம் எழுதியிருக்கும், நாமும் அதை விளம்பரப் பலகை என்று நினைத்துக் கடந்து போயிருப்போம். உண்மையில் அது சூரியனோடு சேர்ந்து நகரும் ஒரு கூரை.

எங்கள் வரைபடத்துக்கு அஞ்சடியிலிருந்து கிடைத்தது இதுதான்: மேற்குப் பக்கத்துக்கு நிலையான கூரை மட்டும் போதாது, இறக்கி ஏற்றும் ஏதோ ஒன்று வேண்டும். வளைவும் தூணும் எங்கள் வரைபடத்தில் எங்கேயும் இல்லை.

மரத்தடியில் நாற்காலி போடலாமா?

'மரத்தைச் சுற்றி வட்டமாகத் திண்ணை' என்பது கிட்டத்தட்ட எல்லா மாணவர் வரைபடத்திலும் வரும். எங்கள் நிலத்து அங்சானாவுக்கும் அப்படித்தான் செய்யலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். சரி, அளந்துவிட்டு முடிவு செய்வோம் என்று ஒரு சனிக்கிழமை காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரைக்கும், மணிக்கு ஒரு தடவை, நிழலின் ஓரத்தை வெண்கட்டியால் தரையில் கோடு போட்டோம். குடியிருப்புப் பிள்ளைகள் எல்லாம் பாண்டி ஆட்டத்துக்குக் கட்டம் போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு கூடவே வந்தார்கள்.

வீட்டுக்குப் போவதற்கு முன் படம் தெளிவாகிவிட்டது. மதியம் நிழல் மரத்தடியிலேயே இருக்கிறது. ஆனால் மதியம் அங்கே ஆளில்லை. ஆட்கள் வருவது ஐந்து மணிக்கு மேல், வேலை முடிந்து, பிள்ளைகள் விளையாட இறங்கும் நேரத்தில். அப்போது 8 மீட்டர் மரத்தின் உச்சி நிழல் 14 மீட்டர் கிழக்கே போய் விழுகிறது. மரத்தடித் திண்ணையில் அந்த நேரம் மேற்கு வெயில் கிளைகளுக்கு அடியில் நுழைந்து நேரே கண்ணில் அடிக்கும். மாலையில் உட்கார வேண்டுமென்றால் இருக்கை மரத்தடியில் இருக்கக் கூடாது, மரத்துக்குக் கிழக்கே பத்து மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இதைச் சொல்லும் படம் எதையும் அந்த ஐம்பது படத்தில் நாங்கள் பார்க்கவில்லை.

உட்காருவது பற்றி

வில்லியம் வைட் என்ற அமெரிக்கர் நியூயார்க் நகரத்துத் திடல்களில் கேமராவை வைத்து, மக்கள் எங்கே உட்காருகிறார்கள், எவ்வளவு நேரம், யாரோடு என்று ஆண்டுக்கணக்கில் எண்ணினார். 1980-இல் அதைப் புத்தகமாகவும் படமாகவும் வெளியிட்டார். அவர் முக்கியமாகக் கண்டுபிடித்ததைச் சொன்னால் சிரிப்பு வரும்: உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள். ஆனால் அதை எண்ணிக் காட்டும் வரைக்கும் அந்த நகரத்துக் கட்டடக்காரர்கள் நம்பவில்லை. அவருடைய வேலையின் பலனாக 1975-இல் நியூயார்க் விதியையே மாற்றி, திடலின் ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் ஓர் அடி நீள இருக்கை வேண்டும் என்றார்கள். நகர்த்தக்கூடிய நாற்காலியை மக்கள் விரும்புகிறார்கள் என்பதும் அவர் கவனித்த ஒன்று. சிலர் நாற்காலியை நாலு அங்குலம் மட்டும் நகர்த்திவிட்டு உட்காருவார்களாம். மாமாக் கடையில் நாமும் அதைத்தானே செய்கிறோம்!

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், குறித்து வைத்துக்கொள்ளுங்க. சராசரி இருக்கை உயரம் 40 முதல் 45 சென்டிமீட்டர். நடக்கும் படியின் உயரம் 15, அகலம் 30. உயரத்தை இரண்டால் பெருக்கி அகலத்தைக் கூட்டினால் 60-லிருந்து 65-க்குள் வர வேண்டும் என்பது பழைய விதி. மூன்று நடைபடி சேர்ந்தால் 45, அதாவது ஓர் இருக்கை. படிக்கட்டின் ஒரு பகுதியை நடக்கவும் ஒரு பகுதியை உட்காரவும் சேர்த்தே கட்டலாம் என்பது இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. பத்துமலையின் 272 படிகளில் ஏறும்போது மூச்சு வாங்க மக்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். நடுவே வரும் சமதளங்களில்தான். பொது இடத்துக்கு அந்தச் சமதளம் படியைவிட முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

45 சென்டிமீட்டர் என்பது என் முழங்காலுக்குச் சரி. முட்டி வலிக்கும் பாட்டிக்கு அதிலிருந்து எழுந்திருக்கக் கை ஊன்ற ஏதாவது வேண்டும், முதுகுக்குச் சாய்மானமும் வேண்டும். படத்தில் கவர்ச்சியாகத் தெரியும் கான்கிரீட் பெட்டி இருக்கையில் இந்த இரண்டுமே கிடையாது. யாரும் படுத்துவிடக் கூடாது என்று சரிவான இரும்புக் குழாயை இருக்கையாக வைத்த பஸ் நிறுத்தங்களையும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் படுப்பதைத் தடுக்கப் போய் எல்லாருடைய முதுகையும் தண்டிப்பது என்ன நியாயமோ தெரியவில்லை.

எங்கள் நிலத்தில் அந்த உடைந்த நாற்காலிகளின் கதையும் இப்படித்தான் தெரியவந்தது. அவை மரத்தடியில் கிடக்கவில்லை. வெயில் படும் ஒரு மூலையில் வரிசையாக, சாலையைப் பார்த்துக் கிடந்தன. அதில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம், "ஏன்மா இங்க உட்காருறீங்க, அந்தப் பக்கம் நிழலா இருக்கே?" என்று கேட்டோம். "அங்க உட்காந்தா பஸ் வர்றது தெரியாது தம்பி. மகள் ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சி வர்றப்ப நான் இங்கதான் இருப்பேன்" என்றார்.

அந்த ஒரு பதில் எங்கள் வரைபடத்தின் முகத்தையே தீர்மானித்தது. இருக்கைகள் எல்லாம் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து வந்தன. நடுவில் புதர் வேலியும் உயரச் சுவரும் வைக்கும் யோசனையே எழவில்லை. பொதுவாக 'நுழைவாயில்' என்று ஒரு வளைவு வைத்துப் பெயர்ப்பலகை போடும் பக்கம் அதுதான். அங்கே விளக்குக் கம்பமும் கூரையும் போதும் என்று முடிவெடுத்தோம்.

எல்லைக்கு அப்பால் இரண்டு இடம்

சிங்கப்பூருக்கு ஒரு நாள் போய் வர முடிந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, எந்த வீவக பேட்டையிலும் கிடைக்கும் புளோக்கின் வாய்ட் டெக். 1970-களில் இருந்து பரவலாக, தரைத்தளத்தில் வீடு கட்டாமல் தூண்களை மட்டும் விட்டுத் திறந்து வைத்தார்கள். ஒரு வாரம் மலாய்க் கல்யாணம் நடக்கும், அடுத்த வாரம் அதே இடத்தில் சீனர் வீட்டு இறுதிச் சடங்கு. வெறும் இடம்தான். வெறுமையாக விட்டதால்தான் இத்தனைக்கும் பயன்படுகிறது. நம் மாணவர் வரைபடங்களில் ஒவ்வொரு சதுர அடிக்கும் 'யோகா வட்டம்', 'வாசிப்பு மூலை' என்று பெயர் வைத்து நிரப்பும் பழக்கத்துக்கு வாய்ட் டெக் நல்ல மருந்து.

இன்னொன்று பீஷான் அங் மோ கியோ பூங்கா. அங்கே காலாங் ஆறு முன்பு நேரான கான்கிரீட் கால்வாயாக ஓடியது. 2.7 கிலோமீட்டர் நீளம் இருந்த அந்தக் கால்வாயை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் சுமார் 3 கிலோமீட்டர் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். வெயில் நாளில் ஆற்றோரப் புல்லில் மக்கள் நடக்கிறார்கள். கனமழை வந்தால் அதே புல்வெளி ஆறு விரிய இடம் கொடுக்கிறது. ஒரே நிலம், இரண்டு வேலை. உடைத்த கான்கிரீட்டையும் வீணாக்காமல் அங்கேயே ஒரு குன்றாக அடுக்கியிருக்கிறார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பெரும்பாலும் பிற்பகல் இடிமழையாக, ஒரே கொட்டாகக் கொட்டும். எங்கள் 600 சதுர மீட்டர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 30,000 லிட்டர் தண்ணீர். முழுவதும் கல் பதித்துவிட்டால் அத்தனையும் கால்வாய்க்குத்தான் ஓடும். அதனால் தாழ்வான பக்கத்தைப் பிள்ளைகள் விளையாடும் புல்தரையாக, 15 சென்டிமீட்டர் பள்ளமாக வைத்தோம். 200 சதுர மீட்டருக்கு அந்தப் பள்ளம் போதும், கணக்குச் சரியாக வந்துவிடும். மழை நின்று தண்ணீர் இறங்கும் வரை விளையாட்டு இல்லை, அவ்வளவுதான். மழையில் யார் விளையாடப் போகிறார்கள்? (பிள்ளைகள் விளையாடுவார்கள். அதற்குத்தான் பள்ளத்தை ஆழமாக்காமல் விட்டது.)

குறிப்பேட்டில் என்ன எழுதுவது

ஓர் இடத்துக்குப் போனால் படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் என்ன மணி, வெயில் எந்தப் பக்கம், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். நிற்பவர்களைக் கட்டாயம் எண்ணுங்க. உட்கார இடம் தேடி ஏமாந்தவர்கள் அவர்களில்தான் இருப்பார்கள். அளவு நாடா இல்லையென்றால் உங்கள் சாண், முழம், காலடி எத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு தடவை வீட்டில் அளந்து வைத்துக்கொண்டால் போதும். பெண்கள், முதியவர்கள், வேலை முடிந்து வரும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வருகிறார்களா என்பதையும் தனியாகக் குறியுங்கள். ஓர் இடத்தில் அவர்கள் இல்லையென்றால் ஏன் இல்லை என்று அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். பிறகு வீட்டுக்கு வந்து யோசித்தால் விடை கிடைக்காது.

காலை பசியாறும் நேரத்தில் ஒரு தடவை, மாலை ஐந்தரைக்கு ஒரு தடவை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை என்று மூன்று முறையாவது போங்கள். முடிந்தால் மழை கொட்டும்போது குடையோடு நாலாவது தடவை. எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்தத் தூணுக்குப் பின்னால் மக்கள் ஒதுங்குகிறார்கள் என்பது அப்போது மட்டும்தான் தெரியும்.

கடைசியாக, வரைபடத்தை முடிப்பதற்கு முன்னால் நாங்கள் செய்த ஒரு வேலை. கோயில் மண்டபத்தில் இருபது பிளாஸ்டிக் நாற்காலியை இரவல் வாங்கி, நாங்கள் இருக்கை வரைந்த இடங்களிலேயே வைத்துவிட்டு மாலை முழுவதும் தள்ளி நின்று பார்த்தோம். ஏழு மணிக்குள் பதினான்கு நாற்காலியில் ஆள் இருந்தது. அதில் ஐந்தை மக்கள் தாங்களாகவே இழுத்து ஒன்றுக்கொன்று எதிராகப் போட்டுக்கொண்டார்கள். அந்த ஐந்தும் இப்போது எங்கள் வரைபடத்தில் இழுத்துப் போட்ட இடத்திலேயே இருக்கின்றன. வரைபடத்தின் ஒரு பிரதியைக் குடியிருப்பாளர் சங்கத்திடமும் கொடுத்திருக்கிறோம், நகராண்மைக் கழகத்துக்கு அனுப்பும்போது கூட வைத்துக்கொள்ளச் சொல்லி.